இனவாரிக் கணக்கைப் போடுங்கள், முழுதாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் எச்.ஐ.வி. பற்றிய செய்திகளில் அவ்வப்போது இனவாரி எண்ணிக்கை ஒன்று இடம்பெறுகிறது. மலாய்க்காரர் இத்தனை பேர், சீனர் இத்தனை பேர், இந்தியர் இத்தனை பேர் என்று மூன்று வரி, அவ்வளவுதான். அதைப் படிப்பவர்களில் சிலர் நம் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்கிறார்கள். வேறு சிலர் நம்மில் குறைவுதானே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது. தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள நாங்கள், இந்தக் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும், நம் மக்கள் எந்தப் படியில் நழுவுகிறார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம்தான். மருந்து அளவும் நேரக் கணக்கும் வருவதால் அவற்றை வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இதே கேள்வியை அமெரிக்காவில் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தவர் கிரெகோரியோ மில்லெட் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர். அந்நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12 விழுக்காடு. ஆனால் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி. தொற்றில் அவர்கள் பங்கு 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆண்களோடு உறவுகொள்ளும் கறுப்பின ஆண்களில் இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் தொற்று வரக்கூடும், வெள்ளையரில் அது 11 பேருக்கு ஒருவர் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2016இல் கணித்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பலர் கைநீட்டிய காரணம் ஒழுக்கம். அவர்கள் அதிகம் பேரோடு பழகுகிறார்கள், ஆணுறை போடுவதில்லை, போதைப்பொருள் எடுக்கிறார்கள் என்றார்கள். மில்லெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் இப்படிச் சொல்லப்பட்டுவந்த 12 விளக்கங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சான்று உண்டா என்று பார்த்தார்கள். 2007இல் 53 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளின் 194 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நடத்தை இந்த இடைவெளியை விளக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் பாதுகாப்பு விஷயத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை, போதைப்பொருள் பயன்பாடு அவர்களிடம் குறைவாகவே இருந்தது. வேறுபாடு தெரிந்தது மருத்துவத்தில்தான். காப்பீடு இல்லை, சிகிச்சை தொடங்குவது குறைவு, தொடங்கியவர்களிலும் இரத்தத்தில் கிருமி அடங்கிய நிலையை எட்டுபவர் குறைவு.

நடத்தை ஒன்றாக இருந்தும் தொற்று எப்படி வேறுபடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் வட்டாரத்தில் 100 பேரில் 2 பேருக்குச் சிகிச்சை பெறாத தொற்று இருக்கிறது, இரண்டாவதில் 10 பேருக்கு. இரண்டு இடத்திலும் ஒருவர் 5 பேரோடு உறவு வைத்திருக்கிறார். அந்த ஐவரில் ஒருவருக்காவது தொற்று இருக்கும் வாய்ப்பு முதல் வட்டாரத்தில் 10 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, இரண்டாவதில் 41 விழுக்காடு. இருவரும் செய்தது ஒன்றே. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது வட்டாரத்தில் இது கூடிக்கொண்டே போகும். அதனால்தான் சிகிச்சை எட்டாத சமூகத்தில் நல்லபடி நடந்துகொள்பவருக்கும் ஆபத்து அதிகம்.

அமெரிக்க நிலைமையை நம் நாட்டின் மேல் அப்படியே ஒட்டிவிடக் கூடாது. அங்கே டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கைக்கு வந்த பிறகும், சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அப்படிப்பட்ட வரலாற்றின் அவநம்பிக்கை அங்கே இன்றும் வேலை செய்கிறது. இங்கே அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் மருத்துவர் கிடைக்கிறார். எச்.ஐ.வி.க்கான முதல்நிலை மருந்துகள் 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம். நாம் மில்லெட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் விடைகளைவிட அவர் கேள்வி கேட்ட முறையை. எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், பரிசோதனை, சிகிச்சை, கிருமி அடங்குதல் என்று படிப்படியாக யார் எங்கே விடுபடுகிறார் என்று பார்க்கும் முறை அது.

அப்படிப் பார்த்தால் மலேசியாவில் முதலில் கண்ணில் படுவது, யார் எந்த வழியாகப் பரிசோதனைக்கு வருகிறார் என்பதே இனத்துக்கு இனம் வேறுபடுவது. முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முந்திய எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். ஜோகூரில் 2001இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் வந்தது. நம்மவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் நல்லதா என்பது தனி விவாதம். எங்களைக் கேட்டால், ஆலோசனையோடு, விருப்பத்தின் பேரில், எல்லாருக்கும் என்பதே சரி. ஆனால் அதிகம் பேரைப் பரிசோதிக்கும் சமூகத்தில் அதிகம் பேர் கண்டறியப்படுவார்கள், குறைவாகப் பரிசோதிக்கும் சமூகத்தில் தொற்று மறைந்தே கிடக்கும் என்பதை எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடு. தொற்றில் நம் பங்கும் அதை ஒட்டி வந்தால் எல்லாம் சமமாக இருக்கிறது என்று பொருளாகாது. எத்தனை பேரைப் பரிசோதித்து அந்த எண் வந்தது என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

இன்னொரு வழி கர்ப்பகாலப் பரிசோதனை. 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு, இனம் பார்க்காமல், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதன் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. எல்லாருக்கும் ஒரே வாசலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அதே பரிசோதனை நம் வீடுகளில் ஒரு பெரிய அநியாயத்துக்கும் வழிவிடுகிறது. கணவன் ஒருநாளும் பரிசோதித்துக்கொண்டதில்லை. மனைவி கர்ப்பமானதால் அவளுக்கு முதலில் தெரியவருகிறது. உடனே மாமியார் வீடு, இவளால்தான் வந்தது என்று முடிவுகட்டிவிடுகிறது. யாருக்கு முதலில் கண்டறியப்பட்டது என்பதற்கும் யாருக்கு முதலில் தொற்றியது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரத்தப் பரிசோதனை தேதியைச் சொல்லாது. மனைவியின் முடிவு வந்த அன்றே கணவனும் பரிசோதித்துக்கொள்வதும், மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதைத் தாதியோடு பேசி முடிவெடுப்பதும்தான் அந்தப் பெண்ணைக் காக்கும். ஒழுங்காக மருந்து எடுத்தால் குழந்தைக்குப் பரவாமல் தடுக்க முடியும் என்பதை அந்த வீட்டில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

மற்ற தமிழ் ஆண்கள் எப்போது வருகிறார்கள்? பலர் இரத்த தானத்தின்போதோ, காசநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தபோதோ, உடல் மெலிந்து மருத்துவமனையில் படுத்தபோதோதான். நோயை எதிர்க்கும் சிடி4 என்ற வெள்ளையணுக்கள் ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. தொற்றியதிலிருந்து அங்கே வந்து சேரப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் அவருக்கும் தெரியாது, துணைக்கும் தெரியாது. இனவாரிக் கணக்கில் நாங்கள் முதலில் பார்க்க விரும்புவது இந்த எண்ணைத்தான். கண்டறியப்பட்ட நாளில் சிடி4 எவ்வளவு இருந்தது? அது 350க்குக் கீழ் என்றால் தாமதம். எந்தச் சமூகத்தில் தாமதம் அதிகமோ அங்கேதான் வாசல் அடைத்திருக்கிறது.

தாமதத்துக்குக் காரணங்கள் கண்முன் இருக்கின்றன. பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர் அலுவலக நேரத்துக்குள் கிளினிக்குக்குப் போக வேண்டுமானால் ஒருநாள் சம்பளம் போகும். தாமானில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கிளினிக்கில் இருக்கும் தாதி அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார் என்ற பயம் வேறு. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்குச் சட்டம் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம். மைகார்டு என்ற அடையாள அட்டை இல்லாமல் இழுபடுகிறவர்கள் வெளிநாட்டவர் கட்டணத்துக்கு அஞ்சி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வேலைக்குப் போன நடுவயதுக்காரருக்கு மலாயில் உள்ள ஒப்புதல் படிவம் பாதிதான் புரிகிறது, கேட்கவும் கூச்சம்.

இவர்களுக்கு நாங்கள் சொல்வது இது. அரசாங்க கிளினிக்கில் பெயர் கொடுக்காமல் இலவசமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். பக்கத்துக் கிளினிக்குக்கே போக வேண்டும் என்ற விதி இல்லை. ஜெலுத்தோங்கில் இருப்பவர் பட்டர்வொர்த்துக்குப் போகலாம். விரலில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தத்தில் அரை மணிக்குள் முதல் முடிவு தெரியும். அதில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அதுவே முடிவாகாது. நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து உறுதிசெய்த பிறகுதான் பெயர், சிகிச்சை எல்லாம்.

மருந்தகத்தில் வாங்கிச் சுயமாகச் செய்துகொள்ளும் பெட்டியும் உண்டு. ஈறில் தடவும் வகையில் பலர் செய்யும் பிழைகள் மூன்று நான்கு. சோதனைக்கு முன் 15 நிமிடம் காப்பி, சாப்பாடு, வெற்றிலை எதுவும் வாயில் இருக்கக் கூடாது. பல் விளக்கியிருந்தால் அரை மணி பொறுக்க வேண்டும். மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை, அவ்வளவுதான். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, நாக்கிலும் கன்னத்திலும் தடவக் கூடாது. குப்பியில் உள்ள நீர் சிந்திவிட்டால் அந்தப் பெட்டி வீண். 20 நிமிடம் கழித்து, 40 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. சி என்ற இடத்தில் மட்டும் கோடு இருந்தால் தொற்று காணவில்லை. டி என்ற இடத்திலும் இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், கிளினிக்குக்குப் போய் உறுதிசெய்ய வேண்டும். சி-யில் கோடே இல்லை என்றால் சோதனை செல்லாது. பெட்டிக்குப் பெட்டி நேரம் மாறலாம், உள்ளே இருக்கும் தாளில் சொன்னதே கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தொற்று நேர்ந்திருந்தாலும் இந்த வகைச் சோதனையில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையில் பெரும்பாலும் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். போன வாரம் நடந்ததற்கு இன்று சோதித்து நிம்மதி அடைவதில் பொருளில்லை.

போன வாரத்துக்குப் பதில் நேற்று நடந்தது என்றால் வழி இருக்கிறது, அதுதான் நம் மக்களுக்குத் தெரியவே இல்லை. ஆணுறை கிழிந்தாலோ, வன்கொடுமை நேர்ந்தாலோ, ஊசியைப் பகிர்ந்திருந்தாலோ 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் விடாமல் எடுத்தால் தொற்றைத் தடுக்க முடியும். முதல் நாளிலேயே தொடங்குவது மிக நல்லது. மருத்துவமனை அவசரப் பிரிவில் போய் நேரத்தோடு சொல்லிக் கேட்க வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வெள்ளி இரவு முடிவெடுத்தால், 72 மணி நேரத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும்.

அடிக்கடி ஆபத்துக்கு உள்ளாகும் நிலையில் இருப்பவர்களுக்கு முன்தடுப்பு மாத்திரை இருக்கிறது, பிரெப் என்பார்கள். டெனோபோவிர் 300 மில்லிகிராமும் எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை. 2023 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட சில அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் தரப்படுகிறது. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்தும் வாங்கலாம். இதிலே அமெரிக்காவின் பாடத்தை உடனே கவனிக்க வேண்டியிருக்கிறது. அங்கே 2012இல் அனுமதி கிடைத்த மாத்திரை, 2022 கணக்குப்படி, தேவைப்படும் வெள்ளையரில் 94 விழுக்காட்டினருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. கறுப்பினத்தவரில் 13 விழுக்காட்டினருக்குத்தான். நல்ல மருந்து வந்ததாலேயே இடைவெளி குறைந்துவிடாது, ஏற்கெனவே வாசல் திறந்திருப்பவரிடம் அது முதலில் போய்ச் சேரும்.

மாத்திரையைத் தொடங்குமுன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லை என்ற முடிவு, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, ஹெப்பாடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று, சிபிலிஸ். முதலாவதைத் தவிர்த்துவிட்டு நண்பரிடமிருந்து வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு இந்த இரு மருந்தும் போதாது. கிருமி அவற்றை எதிர்க்கப் பழகிக்கொண்டால் பின்னால் சிகிச்சை கடினமாகும். ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர் இதைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பக்கூடும்.

கிரியாட்டினின் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவரும் 50 வயதைக் கடந்தவரும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரையைத் தொடர வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளையும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத லேகியங்களையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நீரிழிவு இருப்பதால் மாத்திரையே கூடாது என்று பயந்து விலகவும் வேண்டாம், அளவு பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.

தினம் ஒன்று என்பதே எல்லாருக்கும் பொருந்தும் முறை. பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு வர மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் மட்டும் தேவைக்கேற்ற முறையைப் பின்பற்றலாம். உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் ஒன்று. பெண்களுக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கும் இந்த முறை கூடாது. முதல் சில வாரம் குமட்டலும் வாயுத் தொல்லையும் வரலாம், பெரும்பாலும் ஒரு மாதத்தில் தீரும். பலர் அந்த மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அதாவது முதல் ஆண்டில் ஐந்து நாள் விடுப்பு. ஷிப்ட் வேலைக்காரருக்கு இந்த ஐந்து நாள்தான் தடை, மாத்திரை அல்ல. மாத்திரை சிபிலிசைத் தடுக்காது, ஆணுறை வேண்டும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் ரப்பர் சில நிமிடத்தில் பலவீனப்பட்டுக் கிழியும். நீரால் ஆன வழுவழுப்பானையே பயன்படுத்த வேண்டும்.

தொற்று உள்ளவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்து ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி ஒரு மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழ் இறங்கி அங்கேயே நின்றால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து பரவாது. 2016இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையர்களிடையே ஆணுறையின்றி நிகழ்ந்த சுமார் 58,000 உறவுகளில் ஒருவருக்கும் துணையிடமிருந்து தொற்றவில்லை. இதை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? தனித்தட்டு, தனிக்குவளை என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்றும் இருப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது. சாப்பாட்டாலும் தொடுவதாலும் எச்.ஐ.வி. ஒருகாலும் பரவுவதில்லை.

இந்த நாடு செய்துகாட்டியிருக்கிறது. 2002இல் ஏறத்தாழ 7,000 புதிய தொற்றுகள். அப்போது பெரும்பாலும் போதை ஊசி வழி. 2005இல் போதை ஊசிக்கு மாற்றாகத் தரும் மெதடோன் சிகிச்சையும் 2006இல் ஊசி மாற்றுத் திட்டமும் வந்தன. எதிர்ப்புக்கு நடுவே தொடங்கிய அவற்றால் ஊசி வழிப் பரவல் மளமளவென்று இறங்கியது. இப்போது புதிய தொற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உடலுறவு வழி, மொத்தம் ஆண்டுக்கு மூவாயிரத்தை ஒட்டியே நிற்கிறது. அதற்கும் கீழே இறக்க, விடுபட்டவர்கள் யார் என்று தெரிய வேண்டும்.

ஆகவே மாநிலச் சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது, இனவாரிக் கணக்கை மறைக்க வேண்டாம், முழுதாகத் தர வேண்டும். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், கண்டறியும்போது சிடி4 எவ்வளவு, சிகிச்சையில் எத்தனை பேர், கிருமி அடங்கியவர் எத்தனை பேர் என்பதை இனம், வயது, பால் வாரியாகத் தர வேண்டும். எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய அளவையும் சேர்க்கலாம். ஓராண்டில் ஒரு குழுவில் பிரெப் எடுத்தவர் எண்ணிக்கையை அதே குழுவின் புதிய தொற்று எண்ணிக்கையால் வகுப்பது. ஒரு குழுவில் 300 பேர் மாத்திரை எடுத்து 30 தொற்று என்றால் அளவு 10. மற்றொன்றில் 20 பேர் எடுத்து 20 தொற்று என்றால் அளவு 1. இரண்டாவது குழுவுக்கு மாத்திரை போகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒரு மாவட்டத்தில் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடாமல் மூன்று ஆண்டைச் சேர்த்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஊரார் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்கள். செபராங் பிறையில் வாரம் ஒரு நாளாவது பிரெப் சேவையை இரவு ஒன்பதுவரை நீட்டிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தையும் மருந்து விளக்கத் தாளையும் தமிழில் அச்சிட வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இனவாரி எண் வரும்போதெல்லாம் பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கையையும் துறையிடம் கேட்டு உடன் வெளியிடுங்கள், கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். மரண அறிவிப்புப் பக்கத்தின் ஓரத்தில் வாரம் ஒரு முறை ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, 72 மணி நேரம், 28 நாள், பெயரில்லாத இலவசப் பரிசோதனை ஆகிய மூன்றையும், அந்த வாரம் மாலையில் திறந்திருக்கும் கிளினிக்கின் பெயரையும் போடுங்கள். அந்தப் பக்கத்தை எல்லா வீட்டிலும் படிக்கிறார்கள். கட்டத்துக்கான வாசகத்தை எழுதித்தரவும், வாரந்தோறும் சரிபார்க்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு